ஆறு பேர் வந்தாலே ஆட்டம்தான்

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி பேஸ்கட்பால் டீமில் இருக்கிறாள், ஆனால் மேட்ச்சில் பந்தே அவள் கைக்கு வருவதில்லை. எனக்கு 42 வயது, கல்லூரியில் ஆடியவன். எங்கள் வீட்டுப் பக்கத்து மைதானத்தில் ஒரே ஒரு ரிங். சாயங்காலம் ஆறேழு பேர்தான் சேர்கிறோம், அதனால் மூன்றுக்கு மூன்று ஆடுகிறோம். "இதெல்லாம் ஒரு ஆட்டமா" என்கிறார் பழைய நண்பர். பாதி கோர்ட்டில் ஆடிப் பழகினால் நிஜ ஆட்டம் கெட்டுவிடும் என்று மகளின் கோச்சும் சொல்கிறார். அவளை எங்களோடு ஆட விடலாமா? என் வயதுக்கு இது ஒத்துவருமா?
– பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்.

பதில்: தாராளமாக ஆட விடுங்கள். நீங்களும் நிறுத்தாமல் ஆடுங்கள்.

நண்பருக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். மூன்றுக்கு மூன்று இன்று ஒலிம்பிக் விளையாட்டு. 2010இல் சிங்கப்பூர் இளையோர் ஒலிம்பிக்கில் நுழைந்தது, டோக்கியோவில் பெரியவர்களின் ஒலிம்பிக்கிலும் சேர்ந்துவிட்டது. 2024 பாரிஸில் ஆண்கள் இறுதிப் போட்டி 16-16 என்று சமனில் நின்று, கூடுதல் நேரத்தில் நெதர்லாந்து பிரான்ஸை 18-17 என்று வென்றது. நம் இந்தியப் பெண்கள் 2013இல் தோஹாவில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் தங்கம் வாங்கியதும் இந்த ஆட்டத்தில்தான். ஆகவே "இது ஆட்டமா" என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

இப்போது மகள் விஷயம், எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஐந்துக்கு ஐந்தில் பத்துப் பேருக்கு ஒரு பந்து. அந்த வயதில் நன்றாக டிரிபிள் செய்ய, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடத் தெரிந்த ஒன்றிரண்டு பிள்ளைகள் பந்தை வாங்கிக்கொண்டு ஓடுவார்கள், மற்றவர்கள் மூலையில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், மறுபடி எதிர்ப்பக்கம் ஓடுவார்கள், மறுபடி நிற்பார்கள். ஒரு மேட்ச் முழுக்க ஓடி வியர்த்திருப்பாள், ஆனால் ஒரு முடிவுகூட எடுத்திருக்க மாட்டாள். மூன்று பேர் ஆடும்போது அப்படி ஒதுங்கி நிற்க முடியாது. பந்து வைத்திருப்பவளுக்குப் பாஸ் கொடுக்க ஆள் இரண்டே பேர், அதில் ஒருத்தியை எதிரணி மறித்துவிட்டால் மிச்சம் உங்கள் மகள்தான்.

அதில் என்ன கற்கிறாள் என்று ஒரே ஒரு நகர்வை எடுத்துப் பாருங்கள். அவள் தோழிக்குப் பாஸ் கொடுக்கிறாள். கொடுத்த கையோடு, அங்கேயே நிற்காமல், தன்னைக் காப்பவள் பந்தைத் திரும்பிப் பார்க்கும் அந்த நொடியில் அவளுக்குப் பின்புறமாக ரிங்கை நோக்கி வெட்டி ஓடுகிறாள், தோழி திருப்பிக் கொடுக்கிறாள், லே-அப், அதாவது ஓடிவந்த வேகத்திலேயே ரிங்குக்குப் பக்கத்திலிருந்து எம்பிப் போடுவது. கோர்ட்டில் பத்துப் பேர் இருந்தால் அந்த வழியில் உதவிக்கு வந்து நிற்க இன்னும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், பிள்ளைகளுக்கு வழி அடைபட்டுவிடும். ஆறு பேரில் வழி திறந்திருக்கும், அவள் கண்ணுக்கே அது தெரியும். தெரிந்ததைச் செய்து பார்க்கலாம், தவறினால் அடுத்த நிமிடமே இன்னொரு தடவை செய்யலாம். காப்பதிலும் அப்படித்தான், தன் ஆளைத் தவறவிட்டால் பின்னால் நின்று காப்பாற்ற ஆள் அதிகம் கிடையாது, அதனால் காலை எப்படி வைப்பது, எப்போது தோழிக்கு உதவிக்குப் போவது என்பதெல்லாம் சொல்லிக்கொடுக்காமலே படியத் தொடங்கும்.

இன்னொரு விஷயமும் எனக்கு மிகவும் பிடிக்கும். சர்வதேச விதிப்படி மூன்றுக்கு மூன்று ஆட்டத்தில் கோச் ஓரத்தில் நின்று கத்தி வழிகாட்ட முடியாது. யார் யாரைக் காப்பது, எப்போது ஆளை மாற்றுவது, களைத்தவளுக்குப் பதில் நான்காவது ஆள் எப்போது வருவது, எல்லாம் பிள்ளைகளே பேசிக்கொள்ள வேண்டும். நம் மைதானங்களில் பெற்றோரும் கோச்சும் போடும் சத்தம் பிள்ளைகளை யோசிக்கவே விடுவதில்லை. அதற்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

நீங்களும் விதிப்படி ஆடுங்கள், அப்போதுதான் பலன். பத்து நிமிடம், அல்லது யார் முதலில் 21 எடுக்கிறார்களோ அவர்கள். ரிங்கைச் சுற்றிப் போட்டிருக்கும் வளைவுக் கோட்டுக்கு உள்ளிருந்து போட்டால் 1, வெளியிலிருந்து 2. பந்து கையில் வந்து 12 விநாடிக்குள் போட்டாக வேண்டும், ஓரத்தில் நிற்பவர் சத்தமாக எண்ணட்டும். பந்து கூடையில் விழுந்த பின் நிறுத்தம் கிடையாது. புள்ளியை விட்டுக்கொடுத்த அணி ரிங்குக்கு அடியிலிருந்து பந்தை எடுத்து, வளைவுக்கு வெளியே கொண்டுபோய், இரண்டு காலும் வெளியில் இருக்கும்படி நின்று, அப்புறம்தான் தாக்க வேண்டும். தெரு ஆட்டங்களில் இந்த ஒரு விதியைத்தான் சோம்பல்பட்டு விட்டுவிடுகிறார்கள். விட்டால் ரிங்குக்கு அடியில் தள்ளுமுள்ளுதான் மிஞ்சும்.

உங்கள் வயதுக்கு வருகிறேன். பாதி கோர்ட்தானே, சுலபம் என்று இறங்காதீர்கள். நீண்ட ஓட்டம் இல்லை, அது நல்லதுதான், ஆனால் மூச்சு வாங்க இடைவெளியும் இல்லை, திடீர் நிறுத்தமும் திடீர்த் திருப்பமும் இங்கேதான் அதிகம். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் குதிகால் தசைநாணும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் உடம்பு சூடேறாமல் இறங்கி முதல் பாய்ச்சல் பாயும்போதுதான், அதனால் பத்து நிமிடம் மெல்ல ஓடி, லே-அப் போட்டு, அப்புறம் தொடங்குங்கள். குதித்து இறங்கும்போது இன்னொருவர் பாதத்தின் மேல் மிதித்துக் கணுக்கால் பிசகுவது இந்த விளையாட்டில் அடிக்கடி நடப்பது, ரிங்குக்கு அடியில் நெருக்காதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆடுங்கள். "ஜெயித்தவர் தொடர்ந்து ஆடுவது" என்ற பழைய வழக்கமும் வேண்டாம். ஏழு பேர் வந்தால் ஆட்டத்துக்கு ஒருவர் மாறி மாறி உட்காரட்டும், எட்டுப் பேர் என்றால் அணிக்கு நான்கு, விதியே அதுதான்.

மகள் உங்களோடு ஆடும் நாளில் பெரியவர்கள் அவள் ஷாட்டைத் தட்டிவிடக் கூடாது, உள்ளே புகுந்து இடிக்கக் கூடாது, வெளியிலிருந்து மட்டும் போடலாம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஆனாலும் அவளுக்கு உண்மையில் வேண்டியது அவள் வயதுப் பிள்ளைகள் ஐந்து பேர். தெருவில் தேடிப் பாருங்கள், பந்தையே தொட்டிராத பிள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை. பெண்களுக்கான 6ஆம் அளவுப் பந்து போதும், உங்கள் 7ஆம் அளவுப் பந்தைக் கொடுத்தால் போடும் முறையே கோணலாகிவிடும்.

கடைசியாக கோச். ஆண்டுதோறும் பெரியகுளத்தில் அகில இந்தியப் போட்டி நடக்கும் மாவட்டம் உங்களுடையது, அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு ஐந்து பேர் ஆட்டம்தான் ஆட்டம் என்று தோன்றுவது இயல்பு. அவர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. பந்தைப் பிடித்ததும் 28 மீட்டர் கோர்ட்டின் மறுமுனைக்குப் பாயும் ஃபாஸ்ட் பிரேக், எதிரணி பாய்ந்து வரும்போது திரும்பி ஓடிக் காப்பது, இரண்டும் பாதி கோர்ட்டில் வராது. அதனால் மகள் பள்ளி டீமை விடவே கூடாது. ஆனால் அவரிடம் மரியாதையாக ஒன்று கேட்டுப் பாருங்கள். பள்ளிக் கோர்ட்டில் ரிங் இரண்டு இருக்கிறது. பயிற்சியின் கடைசி இருபது நிமிடம் இரண்டு பக்கமும் தனித்தனியாக மூன்றுக்கு மூன்று வைத்தால் ஒரே நேரத்தில் 12 பிள்ளைகள், இரண்டு பந்து, பெஞ்சில் ஒருத்தியும் இல்லை. ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டு அவரே முடிவு சொல்லட்டும்.