தோரா, ஃப்ரேயாவா?

கேள்வி: ஐஸ்லாந்தில் பழைய நோர்ஸ் (வட ஐரோப்பிய) தெய்வங்களை இன்று வழிபடுவோர், தமக்குரிய தெய்வத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

பதில்: 1972-இல் தொடங்கப்பட்டு, மறு ஆண்டே அரசின் அங்கீகாரம் பெற்ற, இவ்வழிபாட்டினரின் அமைப்பான ஆசாத்ரூ சங்கத்தில் கட்டாயக் கோட்பாடு எதுவும் இல்லாததால், இடியின் தெய்வமான தோரையோ காதலின் தெய்வமான ஃப்ரேயாவையோ நாடுவது அவரவர் விருப்பம். ‘புளோட்’ எனும் கூட்டு வழிபாட்டில் பானம் நிறைந்த கொம்பு கைமாறிவர, ஒவ்வொருவரும் தாம் போற்றும் தெய்வத்தை வாழ்த்தி அருந்துகின்றனர். கொடுத்துப் பெறும் நட்பாகவே பலர் இவ்வுறவைக் காண்கின்றனர். இதைப் பொழுதுபோக்கு என ஒதுக்குவது நியாயமன்று, ஏனெனில் இதன் வேர் பழையது. தோரைத் தன் உற்ற நண்பனாகக் கொண்ட தோரோல்ஃப் என்பவன், ஐஸ்லாந்தை நெருங்கியதும் தோரின் உருவம் செதுக்கிய தூணைக் கடலில் எறிந்து, அது கரையொதுங்கிய இடத்திலேயே குடியேறினான் என்று அந்நாட்டுப் பழங்கதை கூறுகிறது.