கண்காட்சியில் காட்டிய எஞ்சினுக்காகக் காத்திருக்கலாமா?

மோட்டார் கண்காட்சியில் ஒரு நிறுவனம் புதிய மாடலையும் புதிய எஞ்சினையும் காட்டியிருக்கிறது, கையிலுள்ள பழைய காரை மாற்றாமல் அதற்காகக் காத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விலையைச் சொல்லி முன்பதிவும் தொடங்கிவிட்டார்கள் என்றால் தாராளமாகக் காத்திருங்கள். எஞ்சினை மட்டும் மேடையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்றால் வேண்டாம்.

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் ஒர்க்ஷாப் நடத்துகிறேன். 2023 ஜனவரியில் கிரேட்டர் நொய்டா ஆட்டோ எக்ஸ்போவைப் பார்ப்பதற்காக நாகர்கோவிலில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறிப் போனேன். ஓர் அரங்கில் எஞ்சினைப் பக்கவாட்டில் வெட்டித் திறந்து வைத்திருந்தார்கள். பிஸ்டனின் தலை எவர்சில்வர் தட்டு போலப் பளபளத்தது, ஒரு வயரோ ஹோஸோ அதில் இல்லை. எங்கள் கடையில் இறக்கி வைக்கும் எஞ்சினில் முதலில் தெரிவது கரியும் ஆயில் பிசுக்கும்தான் என்பதால், அதன்முன் சற்று நேரம் நின்றுவிட்டேன்.

அந்த எக்ஸ்போவில் டாடா நிறுவனம் 1.2 லிட்டர், 1.5 லிட்டர் அளவுகளில் இரண்டு டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) பெட்ரோல் எஞ்சின்களை அறிவித்தது. சிறியது 2024 செப்டம்பரில் கர்வ் காரிலும், பெரியது 2025 நவம்பரில் சியரா காரிலும்தான் விற்பனைக்கு வந்தன. மேடையில் 170 பிஎஸ் (குதிரைத்திறன்), 280 நியூட்டன் மீட்டர் (இழுவை) என்று சொல்லப்பட்ட பெரிய எஞ்சின், சியராவில் 160 பிஎஸ், 255 நியூட்டன் மீட்டர் என்ற அளவில் வந்தது. முழு அளவு ஹேரியர், சஃபாரி ஆகிய பெரிய வண்டிகளுக்குப் போனது. ஆகவே கண்காட்சியில் கேட்ட எண் நீங்கள் வாங்கும் மாடலுக்கும் அப்படியே பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

மஹிந்திரா 2020 பிப்ரவரியில் மூன்று பெட்ரோல் எஞ்சின்களைக் காட்டியது. அவற்றில் 2 லிட்டர் எஞ்சின் அதே ஆண்டு அக்டோபரில் தார் வண்டியில் வந்துவிட்டது, 1.2 லிட்டர் எஞ்சினை எக்ஸ்யூவி300 இல் பார்க்க 2022 அக்டோபர் வரை ஆயிற்று. இதற்கு மாறாக, 2023 ஜனவரியில் மாருதி காட்டிய ஃபிரான்க்ஸ் ஏப்ரலிலேயே ஷோரூமுக்கு வந்தது. அதிலிருந்த 1 லிட்டர் டர்போ எஞ்சின் 2017 இலேயே பலேனோ ஆர்எஸ் காரில் இங்கே ஓடிய எஞ்சின் என்பதை நினைவில் கொண்டால், அந்த வேகம் வியப்பளிக்காது. உடம்பு மட்டும் புதிது என்றால் மாதக் கணக்கு, எஞ்சினும் புதிது என்றால் பெரும்பாலும் ஆண்டுக் கணக்கு.

குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டக்காரர் ஒருவர், "அண்ணாச்சி, புது எஞ்சின் வருதாம், பழைய வண்டிய விக்காம வச்சிருக்கட்டா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, நான் வேண்டாம் என்றும் கேளாமல் காத்திருந்தார். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. இடையில் பழைய டீசல் காருக்குக் கிளட்ச் பிளேட்டும் டர்போவும் மாற்றினோம். கடைசியில் விற்கும்போது, முதலில் பேசிய விலையில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைத்தது.

வாங்குவது என்று ஆனபின் பிஎஸ் எண்ணைவிட, முழு இழுவை எத்தனை ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) கிடைக்கிறது என்பதைப் பாருங்கள். நம் கல்குளம், விளவங்கோடு பக்கச் சாலைகள் ஏறுவதும் இறங்குவதும் திரும்புவதுமாக இருப்பவை; இரண்டாம் கியரில் 1,500, 2,000 ஆர்பிஎம்மில்தான் பெரும்பாலும் ஓட்டுவோம், 5,000 ஆர்பிஎம்மில் கிடைக்கும் 160 பிஎஸ்ஸை அங்கே எங்கே போய்த் தேடுவது? இன்னொன்று, இந்தப் புதிய எஞ்சின்களில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால், பழைய முறையில், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் பின்புறத்தைக் கழுவிவந்த பெட்ரோல் அங்கே படுவதில்லை, நாளடைவில் அங்கே கரி படியும். டர்போவும் இருப்பதால் ஆயில் மாற்றும் தவணையைத் தள்ளிப்போடக் கூடாது.

டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம்காரர் நான்குவழிச் சாலையில் ஒரு சுற்று போய்வரலாம் என்பார். தக்கலையிலிருந்து குலசேகரம் வரை, நான்கு பேரை ஏற்றி, ஏசியையும் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.