மே மாதக் குழாய்த் தண்ணீரில் ஃபிலிம் கழுவலாமா?

கடலூரில் ஸ்டுடியோ நடத்தி, இருபது வருஷம் டார்க் ரூமில் நின்றவன் நான். ஃபிலிம் கேமரா பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்.

தேவனாம்பட்டினம் தம்பி: அண்ணா, தாத்தா கேமராவில் லைட் மீட்டர் செத்துவிட்டது. எப்படி எடுப்பது?

வெயில் இருக்கிறதே தம்பி! நல்ல வெயிலில் அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) 16, ஷட்டர் வேகம் ரோலின் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு எண்) ஒட்டி. 200 ரோல் என்றால் 1/250 நொடி. சில்வர் பீச் மணல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அங்கே 22 வை. நன்றாக மேகம் மூடினால் 8.

முத்தியால்பேட்டை மாணவி: வீட்டிலேயே கறுப்பு வெள்ளை ரோல் கழுவ ஆசை. ஆனால் தண்ணீர் இப்படிச் சுடுகிறதே?

ரோலில் படத்தை வரவைக்கும் மருந்தான டெவலப்பருக்கு 20 டிகிரி வேண்டும். எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை ரோலுக்கு, நீர் சேர்க்காத டி-76 டெவலப்பரில் அந்தச் சூட்டில் ஏழரை நிமிடம். சூடு ஏற ஏற நேரம் குறையும். 5 நிமிடத்துக்குக் கீழே போனால் வானம் திட்டுத் திட்டாகும். அதனால் டி-76உடன் அதே அளவு நீர் கலந்துவிடு, 20 டிகிரியில், 11 நிமிடமாகும். டப்பில் ஐஸ் போட்டு மருந்து பாட்டில்களை அதில் நிறுத்து. கடைசியாக அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். அவசரத்தில் ஒருமுறை நேராகக் குழாயைத் திறந்துவிட்டேன். கல்யாண ரோல் முழுக்கக் கொசுவலை போட்ட மாதிரி சுருங்கிப்போனது. பெண் வீட்டார் கேட்டதை இங்கே எழுத முடியாது. கலர் மருந்துக்கு 38 டிகிரி. மே மாத மாடித்தொட்டி அதற்குத்தான் லாயக்கு.

முதுநகர் வாசகர்: லென்ஸில் பூஞ்சை வராமலிருக்க?

தோல் உறையில் பூட்டி வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். மூடி இறுகிய டப்பா, சிலிக்கா ஜெல் போதும். கடற்கரையிலிருந்து வந்ததும் துடைத்துவிடுங்கள்.

புதுவைக்கு வரும் ஒருவர்: கடற்கரையோரக் கோபேர் சாலைக் கட்டடங்களை எடுக்க எது நல்ல நேரம்?

காலை ஆறரை. கடல் கிழக்கே, பிற்பகலில் முகப்பெல்லாம் நிழல்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்துவிட்டேன். எரித்துவிடலாமா?

ஐயோ, வேண்டாம் சார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயில் கோயிலாக எடுத்துச் சேர்த்த படங்கள் லட்சத்துக்கு மேல். ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜர் சிலை ஆஸ்திரேலியா போய்விட்டதை நிரூபிக்க உதவியவை அந்தப் படங்கள்தாம். 2014இல் சிலை திரும்பி வந்தது. உங்கள் வீட்டு நெகட்டிவ்களைத் தாள் உறையில் போட்டு, உறைமேல் பென்சிலால் வருஷம், ஊர் எழுதுங்கள். புளிப்பு வாடை அடிக்கும் சுருளை மட்டும் தனியே வையுங்கள், பக்கத்திலிருப்பதையும் கெடுத்துவிடும்.