ஓயாவும் தேக்கமும் சேரும் இடத்தில் பற்றீரியா எண்ணுவது எப்படி?

கேள்வி: ஆர்க்டிக் ஆறுகள் கடலில் கலக்கும் இடங்களில் பற்றீரியாச் சாகியங்கள் (ஒரே இடத்தில் சேர்ந்து வாழும் பல வகைப் பற்றீரியாக்கள்) மாறுவதைப் பற்றி மாணவர்கள் படித்தார்கள். மலையகத்தின் கெசல்கமு ஓயா (ஆறு) காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழும் இடத்தில் அதுபோன்ற ஓர் உயர்தரச் செயற்றிட்டம் செய்யலாமா? எங்களிடம் பிரஷர் குக்கர், பெத்திரிக் கிண்ணங்கள் உண்டு. (நோர்வூட் ஆசிரியை ஒருவர்)

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் பற்றீரியாவில் தொடங்காதீர்கள். போத்தலில் இருக்கும் நீரில் ஓயா எத்தனை பங்கு, தேக்கம் எத்தனை பங்கு என்பது முதலில் தெரிய வேண்டும்.

லேனா, மக்கென்சி போன்ற ஆறுகளின் முகத்துவாரங்களில் இதை உப்பே சொல்லிவிடும். கடல் நீரின் உவர்த்தன்மை (ஆயிரம் பங்கில் உப்பின் அளவு) 30, மாதிரியில் 6 என்றால், ஐந்தில் நான்கு பங்கு ஆற்று நீர். நன்னீருக்குரிய பொலிநியூக்ளியோபக்டர் என்ற பற்றீரியா குறைந்து கடலுக்குரிய எஸ்.ஏ.ஆர்.11 என்ற பற்றீரியாக் குழு கூடும்போது, அது வெறும் கலப்பா, ஒன்று மடிந்து மற்றது பெருகியதா என்று பிரித்தறிய இந்தக் கணக்குத்தான் உதவுகிறது. இனங்களை அடையாளம் காண, நீரை 0.2 மைக்ரோமீற்றர் வடியில் வடித்து டி.என்.ஏ.யைப் படிப்பார்கள், அது பாடசாலையில் நடக்காது. கலப்புக் கணக்கு நடக்கும்.

காசல்ரீயில் உப்புக்குப் பதில் மின்கடத்துதிறன். 25 பாகை செல்சியஸுக்குத் திருத்திக் காட்டும் மானியே வேண்டும்; இல்லாவிட்டால் ஒரு பாகைக்குச் சுமார் 2 சதவீதம் பிழை ஏறும். உதாரணமாகக் கடத்துதிறன் (சென்ரிமீற்றருக்கு மைக்ரோசீமனில்) ஓயாவில் 30, தேக்கத்தில் 50, நடுவில் 35 என்றால் முக்கால் பங்கு ஓயா. ஓயாவில் மில்லிலீற்றருக்கு 8,000 பற்றீரியா, தேக்கத்தில் 2,000 என்றால், நடுவில் 6,500 இருக்க வேண்டும். 4,000தான் கிடைத்தால், மீதி அடியில் படிந்தனவா, பற்றீரியாவைத் தின்னும் ஒருகல உயிர்களான புரோட்டோசோவன்களுக்கு இரையாயினவா? செயற்றிட்டத்தின் உயிரே இந்தக் கேள்விதான். இரு முனைகளின் கடத்துதிறனும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அன்று கணக்குப் போடாதீர்கள்.

பலரும் சறுக்குவது மாதிரி எடுக்கும் ஆழத்தில். ஆர்க்டிக்கில் ஆற்று நீர் உப்பு நீரைவிட இலேசானது, மேலே படலமாகப் பரவும். இங்கே நிலைமை தலைகீழ். 20 பாகை நீரின் அடர்த்தி கனமீற்றருக்கு 998.2 கிலோ, 24 பாகையில் 997.3. வித்தியாசம் சிறிதுதான், ஆனாலும் குளிர்ந்த ஓயா நீர் தேக்கத்துக்குள் அமிழ்ந்து அடியோடு போக அது போதும். சருகும் நுரையும் கோடாக ஒதுங்கும் இடமே பெரும்பாலும் அது அமிழும் இடம். அதற்கப்பால் மேற்பரப்பில் மட்டும் மொண்டால் ஓயாவே அகப்படாது. பாரம் கட்டிய போத்தலின் மூடியில் நூல் கட்டி, ஆழத்தில் திறந்து எடுங்கள். வெப்பநிலையை அங்கேயே குறியுங்கள்.

மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணித்தியாலத்துக்குள் ஏகாரில் (பற்றீரியா வளர்க்கும் கூழில்) இடுங்கள், உறையவிடக் கூடாது. போசணை ஏகார் லீற்றருக்கு 28 கிராம் என்று பொதியில் இருக்கும். 7 கிராம் மட்டும் போட்டு, வெறும் ஏகார் 11 கிராம் சேருங்கள். ஓடை நீரின் பற்றீரியா வறிய உணவுக்குப் பழகியவை. முழுச் செறிவில் வேகமாக வளரும் சில வகைகள் கிண்ணத்தையே பிடித்துக்கொள்ளும். ஏகாரையும் ஐதாக்கும் நீரையும் குக்கரில் கிருமியழியுங்கள். கடல் மட்டத்தில் 15 பி.எஸ்.ஐ. அழுத்தமுள்ள குக்கர் 121 பாகையைத் தொடும். உங்கள் பகுதியின் சுமார் 1,100 மீற்றர் உயரத்தில் ஒன்றிரண்டு பாகை குறையும் என்பதால் 15 நிமிடத்துக்குப் பதில் 25 நிமிடம் வையுங்கள்.

1 மில்லிலீற்றர் மாதிரியை 9 மில்லிலீற்றர் கிருமியழித்த நீரில் கலந்து பத்து மடங்கு, அதே முறையில் நூறு மடங்கு ஐதாக்குங்கள். ஒவ்வொன்றிலும் 0.1 மில்லிலீற்றரை மூன்று கிண்ணங்களில் பரப்புங்கள். இருட்டில், அறை வெப்பநிலையில் 5 முதல் 7 நாள். 30 முதல் 300 வரை கூட்டங்கள் (ஏகாரில் புள்ளிகளாகத் தெரியும் பற்றீரியாத் திரள்கள்) உள்ள கிண்ணத்தை மட்டும் எண்ணுங்கள்: பத்து மடங்குக் கிண்ணத்தில் 65 என்றால் மில்லிலீற்றருக்கு 6,500. நீரிலுள்ளவற்றில் பெரும்பாலானவை ஏகாரில் வளரவே மாட்டா. ஆகவே இதை ‘வளர்க்கக்கூடிய பற்றீரியா’ என்றே அறிக்கையில் எழுதுங்கள்.

மழை விட்ட மறுநாள் எடுத்த மாதிரியை வறண்ட நாளுடன் ஒப்பிடாதீர்கள். தேயிலை மலையின் மண்ணும் லயங்களின் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளின்) கழிவு நீரும் ஓயாவில் இறங்கியிருக்கும். ஆர்க்டிக்கில் பனி உருகி வெள்ளம் வரும் மே, ஜூனில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான், எனவே மழைநாளைத் தனித் தொடராக எடுப்பது நல்ல யோசனை. வெள்ள அறிவித்தல் உள்ள நாளில் கரைக்கே போக வேண்டாம்.

கிண்ணங்களை 37 பாகையில் வைக்காதீர்கள். மனித உடலில் வாழும் கிருமிகளுக்கு அது தோதான சூடு. வளர்ந்த பின் மூடியை ஒட்டியபடியே எண்ணி, குக்கரில் 30 நிமிடம் அவித்த பிறகே வீசுங்கள். அந்தக் குக்கர் பிறகு சமையலுக்கு ஆகாது.