ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயித்தைப் பிசையுது!

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 42 வயசு. ஐடி கம்பெனில டெலிவரி மேனேஜர், எனக்குக் கீழ 34 பேர். ராத்திரி 11 மணி வரைக்கும் அமெரிக்கா கால், காலைல எந்திரிச்சா திரும்பவும் லேப்டாப். சம்பளம் நல்லா வருது, பொய் சொல்லல. போன மாசம் 15 வருஷம் முடிஞ்சுதுன்னு ஒரு கண்ணாடி ஷீல்டு குடுத்தாங்க, ஷோகேஸ்ல வெச்சேன். அஞ்சாவது படிக்கிற பையன் "இது எதுக்குப்பா குடுத்தாங்க?"ன்னான். 15 வருஷம் வேலை பாத்ததுக்குடான்னேன். "எதுலயும் ஜெயிச்சதுக்கு இல்லையா?"ன்னு கேட்டுட்டு வெளயாடப் போயிட்டான். அதுலேந்து மனசே சரியில்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயித்தைப் பிசையுது. மச்சான் வேலைய விட்டுட்டு மன்னார்குடில இருக்கிற நெலத்துல இயற்கை விவசாயம் பண்ணுங்கன்றாரு. வீட்டு லோன் இன்னும் 9 வருஷம் பாக்கி. என்ன பண்ணட்டும்?
- பேர் போட வேண்டாம், சோழிங்கநல்லூர்

பதில்: தம்பி, மொதல்ல விவசாயத்த முடிச்சுட்டு வந்துடுறேன். நானும் டெல்டாக்காரிதான். ஜூன் 12 மேட்டூர் தொறப்பாங்களா மாட்டாங்களான்னு அணை லெவலை தெனம் பேப்பர்ல பாத்துக்கிட்டே இருக்கிற வீட்ல வளந்தவ. தண்ணி வந்து, நாத்து விட்டு, ஆள் கெடைச்சு, கதிர் முத்துற நேரத்துல மழை பேஞ்சு படுத்துடுச்சுன்னா அந்த வயித்தப் பிசையல் வேற மாதிரி இருக்கும், அதுக்கு ஞாயித்துக்கிழமை திங்கக்கிழமைலாம் கெடையாது. ரீல்ஸ்ல வரப்பு மேல நடக்கிறத பாத்துட்டு லோனை வெச்சுக்கிட்டு எறங்காதீங்க. மச்சான் எறங்கட்டும், நீங்க போய் பாருங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். வாழ்க்கைல என்ன செய்யணும்னு உக்காந்து யோசிச்சுக் கண்டுபிடிச்சுட்டு அப்புறம் ஆரம்பிக்கலாம்னு நெனைக்கிறீங்க பாருங்க, அங்கதான் மாட்டிக்கிறீங்கன்னு தோணுது. ஐராவதம் மகாதேவன் கேள்விப்பட்டிருப்பீங்க. 1954ல ஐஏஎஸ் ஆனவரு. ஃபைல், மீட்டிங், டிரான்ஸ்ஃபர்னு ஓடுற உத்தியோகம், உங்க வேலைக்கு ஒண்ணும் கொறஞ்சது இல்ல. அதுக்கு நடுவுலதான் மலைக்குகைல இருக்கிற பழைய பிராமி எழுத்தப் படிக்கிறதுன்னு எறங்கினாரு. 1965ல கரூர் பக்கம் புகளூர் ஆறுநாட்டார் மலைல இருக்கிற கல்வெட்ட படிச்சு, அதுல வர்ற பேரெல்லாம் சங்ககாலச் சேர ராஜாக்கள்னு எடுத்துச் சொன்னாரு. சிந்துவெளி எழுத்துக்கெல்லாம் ஒரு தொகுப்பு போட்டாரு, 1977ல வந்துச்சு. அப்பவும் சர்வீஸ்லதான் இருந்தாரு, கவனிங்க! விருப்ப ஓய்வு வாங்கினது 1980ல. அதாவது ஆரம்பிச்சு பதினஞ்சு வருஷத்துக்கும் மேல ரெண்டையும் சேத்தே ஓட்டியிருக்காரு. வேலைய விட்டுட்டுத் தேடல, தேடினது கையில நின்னப்புறம்தான் வேலைய விட்டாரு.

அவரு பெரிய ஆளு, நம்மளால முடியுமான்னு கேப்பீங்க. சரி, மதுரைத் திட்டம் தெரியுமா? 1998 பொங்கலன்னிக்கு ஆரம்பிச்சது. சுவிட்சர்லாந்துல வேதியியல் ஆராய்ச்சில இருந்த கல்யாணசுந்தரம்னு ஒருத்தர்தான் முன்ன நின்னாரு. பழைய தமிழ் நூலெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி யார் வேணா ஃப்ரீயா படிக்கட்டும்னு எங்கெங்கயோ இருந்த தமிழ்க்காரங்க அவங்கவங்க வீட்ல ஒக்காந்து டைப் அடிச்சாங்க, ஒருத்தருக்கும் பைசா கெடையாது. இன்னிக்கு ஒரு காலேஜ் பொண்ணு போன்ல குறுந்தொகை படிக்குதுன்னா அதுக்குப் பின்னாடி யாரோ ஒருத்தர் ஆபீஸ் விட்டு வந்து தட்டின வரி இருக்கலாம்.

என் கதை இன்னும் சின்னது. நான் அரசாங்க ஆபீஸ்ல கணக்குப் பிரிவு, மார்ச் மாசம்னா வீட்டுக்குப் போறதே ஒம்பது மணி. ஒரு ஃப்ரெண்டு இழுத்துட்டுப் போனதால சனிக்கிழமை சனிக்கிழமை பார்வையில்லாத ஒரு காலேஜ் பையனுக்குப் பாடம் வாசிச்சுக் காட்டினேன். மொத ரெண்டு மாசம் செம போரு, உண்மையச் சொல்றேன், ரெண்டு தடவை தலைவலின்னு டபாய்ச்சிருக்கேன். அந்தப் பையன் என் 'ழ'வத் திருத்துவான், "அக்கா, அது பழம், பளம் இல்ல"ம்பான், எனக்குக் கோவமா வரும். அப்புறம் பரீட்சை நெருங்கினப்போ நான் வரலைன்னா அவனுக்கு அந்த யூனிட் இல்லைன்னு புரிஞ்சுது பாருங்க, அதுக்கப்புறம் சனிக்கிழமைக்காக வாரத்த ஓட்ட ஆரம்பிச்சுட்டேன். எனக்குப் புடிச்ச வேலைன்னு அதை நான் தேர்ந்தெடுக்கவே இல்ல. பண்ணப் பண்ணப் புடிச்சுது.

அதனால பெருசா யோசிக்காதீங்க. வாரத்துல ரெண்டு மணி நேரம், ஒரே கெழமை, ஒரே நேரம், நீங்க போகலைன்னா "ஏன் வரல?"ன்னு கேக்க ஒரு ஆளு இருக்கிற எடமாப் பாருங்க. ஜிம்முக்கு அப்படி யாரும் கேக்க மாட்டாங்க, அதான் ஜிம்மு நிக்கிறதில்ல. பார்வையில்லாத பசங்களுக்குப் பரீட்சை எழுதிக் குடுக்க ஆள் கெடைக்காம இன்னும் அல்லாடுறாங்க. வருஷா வருஷம் பொங்கல் நாலு நாளும் பறவை எண்றாங்க, உங்க ஏரியாலயே பள்ளிக்கரணை சதுப்பு நெலம் இருக்கு, பையனையும் கூட்டிட்டுப் போகலாம். ஆறு மாசம் பாத்துட்டு ஒத்துவரலைன்னா மாத்துங்க.

அப்புறம் அந்த 11 மணி கால். 34 பேர் இருக்காங்கன்றீங்க, வாரத்துல ரெண்டு நாளு வேற ஒருத்தர் எடுக்கட்டுமே. முடியாதுன்னு ஒடனே தோணுதுல்ல? கேட்டுப் பாத்துட்டா முடியாதுன்றீங்க, கேக்காமலேயா? தூக்கம் இல்லாத ஒடம்புக்கு எல்லாமே அர்த்தமில்லாமத்தான் தெரியும். சாப்பாடு, தூக்கம் சரியாகியும் இந்தப் பிசையல் நிக்கலைன்னா ஒரு டாக்டரப் பாருங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

கேள்வி: பேங்க்ல ரிட்டயர் ஆன எங்கப்பா மூணு மாசமா டிவி முன்னாடியே இருக்கார். எதாவது செய்ங்கப்பான்னா சண்டைக்கு வரார்.
- ஒரு மகள், திருச்சி

பதில்: "எதாவது"ன்னு சொன்னா எந்த மனுஷனும் சண்டைக்குத்தான் வருவாரும்மா. பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் பென்ஷன் லைஃப் சர்டிபிகேட் போன்ல போட்டுக் குடுக்கணும்ப்பா, எனக்குத் தெரியலன்னு போய் நில்லு. போட்டு முடிச்சதும் தெருவுல இன்னும் நாலு பேரை அனுப்பி வை. நீ அனுப்பினேன்னு மட்டும் சொல்லிடாத.