மானுக்குத் தண்ணீர் வைக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். நானும் என் மனைவியும் பெங்களூரில் ஐடி வேலையில் இருந்தோம். போன வருடம் பவானிசாகர் பக்கம், காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் நாலு ஏக்கர் வாங்கி, வீடு கட்டிக் குடிவந்துவிட்டோம். காலையில் கதவைத் திறந்தால் புள்ளிமான்கள் நிற்கின்றன. மயிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ராத்திரியில் காட்டுப்பன்றி வந்துபோன தடம் இருக்கிறது. நிலத்தில் பாதியைப் புல்லும் புதருமாக அப்படியே விட்டிருக்கிறோம். கோடைக்கு ஒரு சிமெண்ட் தொட்டியில் தண்ணீர், உப்புக்கட்டி, கொஞ்சம் தீவனம் வைக்கலாம் என்று யோசனை.

பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் சொன்னேன். "உங்களுக்கு அது வேடிக்கை தம்பி, எனக்கு அது கடலைக்காய்" என்று கோபித்துக்கொண்டார். அவர் தோட்டத்தைச் சுற்றிப் பழைய சேலைகளாகக் கட்டி வைத்திருக்கிறார். ராத்திரியானால் பட்டாசு வெடிக்கிறார். விலங்குகள் இருந்த இடத்துக்கு நாம்தானே வந்தோம்? அவற்றோடு இணங்கி வாழ்வது எப்படி?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் சொன்ன அந்த ஒரு வரியிலேயே பதில் முக்கால்வாசி வந்துவிட்டது. உங்கள் புதரில் வெயில் நேரத்தில் படுத்து அசைபோடுகிற மான், பொழுது சாய்ந்ததும் எழுந்து எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? அவருடைய கடலைக்காட்டுக்குத்தான். படுக்கை உங்களுடையது, சாப்பாட்டுச் செலவு அவருடையது. இது புரியாமல் விலங்கோடு இணங்கி வாழ்வதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அவர் காதில் ஏறாது. ஏற வேண்டிய அவசியமும் இல்லை.

"விலங்குகள் இருந்த இடத்துக்கு நாம் வந்தோம்" என்பது உங்களுக்குப் பொருந்தும். போன வருடம்தானே வந்தீர்கள்? அவர் குடும்பம் எத்தனை தலைமுறையாக அங்கே உழுதுகொண்டிருக்கிறது என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். காடும் பழைய காடாக இல்லை. உண்ணிச்செடி என்கிற லாண்டானா மண்டிய இடத்தில் புல் முளைப்பதில்லை. சீமைக்கருவேலம் பிடித்த இடத்திலும் அதே கதைதான், மான் அதன் நெற்றைத் தின்றுவிட்டு விதையை இன்னொரு இடத்தில் போட்டுவிட்டு வரும். உள்ளே மேய்ச்சல் சுருங்கிக்கொண்டே போக, எல்லைக்கு வெளியே சித்திரை வெயிலிலும் சொட்டுநீரில் பச்சைப் பசேலென்று பயிர் நிற்கிறது. மான் வராமல் என்ன செய்யும்?

தீவனம் வைக்கவே வைக்காதீர்கள். உப்புக்கட்டியும் வேண்டாம். வைத்த இடத்துக்கு மந்தை பழகிவிடும், மனிதவாடையைக் கண்டு ஒதுங்கும் பயமும் போய்விடும். பயம் போன மான் முதலில் ஊர் நாய்களிடம் மாட்டும். சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவையும் அதை ஒட்டிய கல்வி வளாகங்களையும் பாருங்கள். அங்கே மான்களை நாய் துரத்திக் கடிப்பதும், செத்த மானின் வயிற்றைக் கிழித்தால் பிளாஸ்டிக் பை வருவதும் பலமுறை செய்தியாகிவிட்டன. அது மட்டுமா, மான் கூடுகிற இடத்தைத் தேடிச் சிறுத்தை வரும். அது வருவதில் எனக்கு வருத்தமில்லை. வேட்டையாட ஆளில்லாவிட்டால் புள்ளிமான் என்ன ஆகும் என்பதற்கு அந்தமான் ஒரு சாட்சி. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கொண்டுபோய் விட்டார்கள். அதைத் தின்ன அங்கே ஒரு மிருகமும் இல்லை. பெருகிப் பெருகி இன்று காட்டின் இளங்கன்றுகளைத் தலைதூக்க விடுவதில்லை. ஆனால் சிறுத்தை உங்கள் வீட்டு முற்றத்துக்கு வர வேண்டும் என்று நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டாம், அவ்வளவுதான். நாய் வளர்த்தால் ராத்திரி உள்ளே கட்டிவிடுங்கள்.

தண்ணீர்? இதில் எனக்கும் மனம் இளகத்தான் செய்கிறது. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காட்டுக்குள் வனத்துறை தொட்டி கட்டி லாரியில் தண்ணீர் ஊற்றுகிறது. அங்கே குடிக்கிற மான் அங்கேயே இருக்கட்டும். உங்கள் தொட்டியைவிட உங்கள் கிணறுதான் முக்கியம். அதற்குச் சுற்றுச்சுவர் இருக்கிறதா? தண்ணீர் தேடி வந்தும் நாய் துரத்தியும் திறந்த கிணற்றில் விழுந்து சாகிற மான்கள் நம் பக்கம் ஒவ்வொரு கோடையிலும் உண்டு. தொட்டிக்கு வைத்திருக்கிற சிமெண்டைக் கிணற்றுக்குப் போடுங்கள்.

அடுத்தது, என்ன சேதம், யார் செய்தது என்று பார்க்கப் பழகுங்கள். எல்லாப் பழியும் மான்மேல் விழுவதுண்டு. மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழ்ப்பல்லால் பிடித்து இழுத்துப் பிய்க்கும். அதனால் தண்டின் நுனி நார்நாராகக் கிழிந்திருக்கும். அதே தண்டு கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல இருந்தால் அது முயல். செடி அப்படியே சாய்ந்து, பாத்தி முழுக்க மண் புரண்டு கிடந்தால் பன்றி. மானின் குளம்புத் தடம் முன்பக்கம் கூராக இரண்டு பிளவு. பன்றித் தடத்தில் பின்னால் இரண்டு சின்னப் புள்ளி கூடுதலாக விழும், ஈர மண்ணில் தெளிவாகத் தெரியும். விதைத்த மறுநாளே குழிகுழியாகக் கொத்திக் கிடந்தால் மயில். தக்காளியில் ஓட்டை போடுவதும் அதுதான். பேகன் போர்வை கொடுத்தான், சரி; அவனுக்குத் தக்காளித் தோட்டம் இருந்ததாகத் தெரியவில்லை.

சேலை வேலியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். செலவில்லாத நல்ல தடுப்பு அது. காற்றில் படபடக்கிறது, மறுபக்கம் என்ன இருக்கிறது என்று விலங்குக்குத் தெரிவதில்லை. மானுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது, நீலம் நன்றாகத் தெரியும். ஆகவே சிவப்புச் சேலை வேலை செய்தால் அது படபடப்பின் வேலை. ஒரே இடத்தில் விட்டால் சீக்கிரம் பழகிவிடும், அடிக்கடி மாற்றிக் கட்ட வேண்டும். உங்கள் வீட்டில் பழைய நீலப் போர்வை இருந்தால் அவருக்குக் கொடுங்கள். கம்பி வேலி போடுவதாக இருந்தால் ஒரு விஷயம்: புள்ளிமான் தாண்டுவதைவிட அடியில் நுழைவதையே விரும்பும். ஆள் உயரத்துக்குக் கம்பி கட்டிவிட்டு அடியில் ஒரு முழம் இடைவெளி விட்டால் காசு தண்டம். மீன்வலை கட்டாதீர்கள், கொம்பு சிக்கினால் விடியும்வரை துடித்தே செத்துவிடும்.

சோலார் வேலி நல்லதுதான். விட்டுவிட்டு அடிக்கிற, உயிரைக் கொல்லாத அதிர்ச்சி அது. காட்டை ஒட்டிய பகுதிகளில் அதையும் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழக அரசு 2023-ல் விதி கொண்டுவந்தது. அதற்குக் காரணம் உண்டு. அதே வருடம் மார்ச் மாதம் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம், வேலியில் சட்டவிரோதமாக நேரடியாகக் கொடுத்த மின்சாரத்தில் மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. உங்கள் அண்ணன் வெடிப்பது வெறும் பட்டாசு என்றால் காதைப் பொத்திக்கொண்டு தூங்குங்கள். யாராவது அவுட்டுக்காய் வைப்பதாகக் காதில் விழுந்தால் மட்டும் பேசாமல் இருக்காதீர்கள். பழத்துக்குள் வைத்த வெடி, கடிக்கிற விலங்கின் வாயையே பிளந்துவிடும். மாட்டுக்கும் அதே கதிதான்.

பன்றியைச் சுட அரசு அனுமதித்துவிட்டதே என்று உங்கள் ஊரில் பேச்சு இருக்கும். 2025 ஜனவரியில் வந்த ஏற்பாட்டின்படி காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம். அதையும் வனத்துறை ஆட்கள்தான் செய்ய வேண்டும். ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் இரண்டும் கிடையாது. அதாவது, பன்றி அதிகம் வருகிற உங்கள் இடத்திலும் அவர் இடத்திலும் அந்த உத்தரவால் ஒரு பயனும் இல்லை. அவர் கோபத்தில் இதுவும் சேர்ந்திருக்கும்.

புதரில் ஒரு நாள் மான்குட்டி தனியாகச் சுருண்டு கிடக்கும். அனாதை என்று நினைத்துத் தூக்கி வந்து பாலூட்டி விடாதீர்கள். தாய் அதை ஒளித்து வைத்துவிட்டுத்தான் மேயப் போயிருக்கும், திரும்பி வரும். எடுத்து வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அதோடு, மான் பயந்தே சாகிற ஜாதி. பிடித்துக் கட்டினால் அந்த அதிர்ச்சியிலேயே போய்விடும். உதிர்ந்த கொம்பு கிடந்தால் சுவரில் மாட்டாமல் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

புதரை என்ன செய்வது? முழுதாக வெட்ட வேண்டாம். அவர் வரப்பை ஒட்டி இருக்கிற பகுதியை மட்டும் வெட்டி, கண்பார்வைக்கு வெட்டவெளியாக்குங்கள். மறைவு இல்லாத இடத்தைத் தாண்ட மான் தயங்கும். காட்டுப் பக்கம் இருக்கிற புதர் அப்படியே இருக்கட்டும். அவருடைய எல்லையில் ஆமணக்கு வரிசை வைக்க அவர் சம்மதித்தால் விதை நீங்கள் வாங்கிக் கொடுங்கள். கடலையைச் சுற்றி அதை வைப்பது பன்றிக்கு ஓரளவு பலன் தருகிறது என்று செய்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நீங்கள் பயிர் வைத்தால் மஞ்சள், மிளகாய் என்று பாருங்கள், கடலையும் உளுந்தும் வேண்டாம். வீட்டை ஒட்டி வாழையும் பலாவும் வைக்காதீர்கள், யானையை வாசலுக்குக் கூப்பிட்டதாகிவிடும்.

அப்புறம், நீங்கள் காலையில் மான்களைப் படம் எடுப்பீர்கள் இல்லையா, அவர் தோட்டத்தில் சேதமான இடத்தையும் எடுத்துக் கொடுங்கள். தேதியும் நேரமும் படத்தில் விழட்டும். யானையோ பன்றியோ அழித்தால் வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனுக் கொடுக்கலாம், ஆனால் அந்தக் காகிதத்துக்கு அலைவதற்கே பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். நீங்கள் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவர், மனுவை எழுதிக் கொடுத்து கூடவே போய்வாருங்கள். சிட்டா, அடங்கல் நகல் கேட்பார்கள், கிராம நிர்வாக அலுவலரை முன்னாடியே பார்த்துவிடுவது நல்லது. கடலை பிடுங்குகிற மாதம் அவர் ராத்திரி காவலுக்குப் பரண் ஏறுவார். கூட வரட்டுமா என்று கேளுங்கள். டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்.