மாத்திரை வாங்கப் போகும் நாளிலேயே கருப்பைவாய்ப் பரிசோதனை

கேள்வி: எனக்கு 33 வயது. ஆறு ஆண்டுகளாக எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறேன். வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் எச்.ஐ.வி.யின் அளவு, கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனாலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறார் நர்ஸ். அவசியமா? அதற்காக வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போய் எச்.ஐ.வி. கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டுமே என்பதுதான் என் தயக்கம்.

பதில்: அவசியம்தான். தொந்தரவு இல்லாதபோது செய்வதற்கென்றே வந்த பரிசோதனை இது. உடலுறவுக்குப் பின் இரத்தம், நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் என்று உடம்பு காட்டிக்கொடுக்கும் நேரத்தில், எளிதாகச் சரிசெய்யும் கட்டம் பல சமயம் கடந்துபோயிருக்கும்.

ஏ.ஆர்.டி. அடக்குவது எச்.ஐ.வி.யை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வேறொரு வைரஸ். தேறிவரும் எதிர்ப்புச் சக்தி அதை விரட்ட உதவும், உண்மைதான். ஆனால் வைரல் லோடு ரிப்போர்ட்டைப் பார்த்து எச்.பி.வி.யைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 6 மடங்கு. பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகளில் புற்றுநோயாக முற்றும் கருப்பைவாய்ச் செல் மாற்றம், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளிலேயே முற்றிவிடலாம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல் உங்களைப் போன்றவர்களை 25 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது, எச்.பி.வி. பரிசோதனை என்றால் 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை. மற்றவர்களுக்கு 30 வயதில் ஆரம்பம், இடைவெளி 5 முதல் 10 ஆண்டு.

இனி உங்கள் தயக்கம். மாத்திரை ஓரிடம், பரிசோதனை வேறிடம் என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டால், அந்தச் சீட்டு பாதி நேரம் கைப்பையிலேயே கிடந்து கசங்கிப்போகும். அதற்காகப் பெண்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆகவே நர்ஸிடம் முதலில் கேளுங்கள்: "இங்கேயே மாதிரி எடுக்க முடியுமா?" எச்.பி.வி. பரிசோதனைக்கு மாதிரியை நீங்களே எடுக்கலாம். மறைவான அறையில், மென்மையான சிறு பிரஷ்ஷைப் பிறப்புறுப்புக்குள் மெல்ல நுழைத்து, சொன்னபடி சுழற்றி, குப்பியில் போட்டு மூடிக் கொடுத்தால் முடிந்தது. பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவி தேவையில்லை. அடுத்த கேள்வியை மறக்காதீர்கள்: முடிவை யார், எப்படிச் சொல்வார்கள்? வீட்டுப் போனுக்கு அழைக்க வேண்டாம் என்றால் அப்போதே சொல்லிவிடுங்கள். வெளியே போகத்தான் வேண்டும் என்றால், மூடிய உறையில் கடிதம் கேட்டு வாங்குங்கள். எச்.ஐ.வி. விவரம் மருத்துவருக்குத் தெரிய வேண்டும், இடைவெளியே அதைப் பொறுத்ததுதானே. வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

எச்.பி.வி. பாசிட்டிவ் என்று வந்தால் புற்றுநோய் என்று பொருளல்ல. அடுத்து கருப்பைவாயைப் பார்த்தோ பாப் ஸ்மியர் (கருப்பைவாய்ச் செல்களைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் சோதனை) எடுத்தோ ஊர்ஜிதம் செய்வார்கள். புற்றுநோய்க்கு முன்நிலையான மாற்றம் இருந்தால், தகுந்தவர்களுக்கு வெப்பத்தால் கருக்கும் சிகிச்சையைப் படுக்கையில் சேர்க்காமலே முடித்துவிடலாம். அதன்பின் 12 மாதத்தில் மறுபரிசோதனை உண்டு, அதைத் தவறவிடாதீர்கள்.

முடிவையும் அடுத்த தேதியையும் உங்கள் ஏ.ஆர்.டி. புத்தகத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இடையில் உடலுறவுக்குப் பின்னோ மாதவிடாய் அல்லாத நாளிலோ இரத்தம் கண்டால், அந்தத் தேதிவரை காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.